கேமராவில் தெரியாத ஆறு பேர்

எங்கள் தோட்டத்தில் யார் மேல் தப்பு என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவது வழக்கம். மேனேஜர் துரையின் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவரின் முதல் வார்த்தை "தப்பாயிருச்சுங்க தொரை" என்பதாகத்தான் இருக்கும். என்ன நடந்தது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். சொல்லாமல் லீவு போட்டது, கொழுந்து வெட்டும் மிஷினின் பல் உடைந்தது, லயம் என்கிற வரிசை வீட்டுக்குப் பின்னால் அனுமதி வாங்காமல் கூரை இறக்கியது, எதுவானாலும் அந்த வரிசை மாறாது.

மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபிஸில் இருபத்திரண்டு வருடமாகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கிறேன். அந்த மன்னிப்புகளை மலாயிலோ இங்கிலீஷிலோ கடிதமாக அடித்துக் கொடுப்பது என் சம்பளத்தில் சேராத வேலை. அதற்கென்று ஓர் அச்சு வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் மரியாதை, இரண்டாவதில் குற்றத்தை ஒப்புக்கொள்வது, மூன்றாவதில் வீட்டு நிலைமை, கடைசியில் கருணை. நான் எழுதிக் கொடுத்த கடிதங்களில் பெரும்பாலானவை பலித்திருக்கின்றன. அதனால் அந்த அச்சின் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. என் மகளுக்கு நான் செய்ததை இந்த நம்பிக்கையை விட்டுவிட்டுச் சொன்னால் யாருக்கும் புரியாது.

மகள் அமெரிக்காவில் மேற்குக் கரையோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் மண்ணியல் படிக்கிறாள். மூன்றாம் வருடம். உபகாரச் சம்பளத்தில் போனவள். சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழகச் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவுகிறாள். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஆபிஸில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. அங்கே அப்போது முந்தின நாள் இரவு எட்டு மணி.

"மா, மொதல்ல ஒக்காரு."

"ஒக்காந்துதான் இருக்கேன். என்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. போலீஸ் புடிச்சிட்டுப் போய், ரெண்டு மணி நேரத்துல விட்டுட்டாங்க. கோர்ட்டுக்கு வருவேன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தச் சமையற்கூடத்தில் வேலை செய்பவர்களின் நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம். அவர்கள் ஊர்ப் பூங்காவில் கூடினார்கள். மாலை ஐந்து மணி வரைக்கும் கூடலாம் என்று அனுமதி. ஐந்து தாண்டியும் பேச்சு நடந்தது. இவளும் ஒரு பெஞ்சு மேல் ஏறி மூன்று நிமிடம் பேசியிருக்கிறாள். கலைந்து போகச் சொல்லிப் போலீஸ் உத்தரவு போட்டதாம். இவள் காதில் அது விழவில்லை. இறங்கினதும் கையில் விலங்கு.

"என்னாதான் பேசின?"

"நம்ம தோட்டத்தப் பத்திதான். பாட்டிக்கு அரைப் பேரு போட்டாங்கன்னு நீ சொல்வியே, அது."

முன்பெல்லாம் கொழுந்தின் எடை குறைந்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அன்றைக்குப் பாதிப் பேர்தான் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. என் அம்மா எத்தனையோ நாள் பாதி ஆளாக வீட்டுக்கு வந்திருக்கிறார். மகள் சின்னவளாக இருந்தபோது இதை நான் வேடிக்கைக் கதைபோலச் சொல்லியிருந்தேன். அதை அவள் அங்கே கொண்டுபோய், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், பெஞ்சு மேல் நின்று சொல்லியிருக்கிறாள்.

"தப்பு பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்துடு," என்றேன்.

"தப்பு பண்ணலயே, மா."

"பண்ணலன்னாலும் பரவால்ல. எழுதிக் குடுத்துடு. விட்டுருவாங்க."

"விட மாட்டாங்க. ஒத்துக்கிட்டா அது ரெக்கார்டுல ஏறிரும். விசாவும் போகலாம், ஸ்காலர்ஷிப்பும் போகலாம். நான் ஒத்துக்கப் போறதில்ல. ஜூரி கேக்கப் போறேன்."

நான் போனை வைத்துவிட்டேன். பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. பக்கத்து மேசைக்காரர் வந்து தண்ணீர் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டு நாளில் கோர்ட்டின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். வழக்கின் தலைப்பு இப்படி இருந்தது: ஒரு பக்கம் அந்த மாநிலத்தின் பெயர். நடுவில் 'எதிர்' என்று ஒரு சொல். மறு பக்கம் என் மகளின் பெயர். ஒரு மாநிலமே எழுந்து என் மகளுக்கு எதிராக நிற்கிறது! அவளுக்கு ஐந்தடி இரண்டு அங்குலம்தான். அந்தத் திரையை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் அவளுடைய வக்கீல் வீடியோவில் எங்களிடம் பேசினார். கழுத்துப் பட்டை கோணலாகத் தொங்க, சத்தமாகப் பேசுகிற மனிதர். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். கியா பார்ம் என்ற ஊரில் காய்கறி ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார். அன்றைக்கு ட்ரிப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் மகளிடம் கேட்டார்.

"இவருக்கு நாம எவ்ளோ குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்பா. காசில்லாதவங்களுக்கு கவர்மெண்டே வக்கீல் வைக்கும்."

"எதுர்ல நிக்கிற வக்கீலுக்கு?"

"அவருக்கும் கவர்மெண்டுதான் சம்பளம்."

"ஜட்ஜுக்கு?"

"கவர்மெண்டு."

"அப்ப அந்த ரூம்லயே சம்பளமில்லாம நிக்கிறது நம்ம பிள்ள மட்டுந்தானா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளைச் சிறையில் போடக் கேட்கிற அரசாங்கம், அவளைப் போடாதே என்று தன்னையே எதிர்த்துப் பேசவும் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. தோட்டத்துத் துரை தன் முடிவை எதிர்த்துப் பேசுவதற்கென்று தன் செலவில் ஒரு கிராணியை வைப்பாரா? அந்த ஏற்பாடு எனக்கு நம்பும்படியாக இல்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறதோ விசுவாசமும் அங்கேதான் போகும் என்று நினைத்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வராததற்கு அதுதான் காரணம். ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டு வேளையில், ஆபிஸ் காலியாக இருந்தபோது என் பழைய அச்சைத் திறந்தேன்.

'மேனேஜர்' என்று இருந்த இடத்தில் 'மாண்புமிகு நீதிபதி' என்று போட்டேன். முதல் பத்தியில் மரியாதை. இரண்டாவதில், அதிகாரத்தை எதிர்த்து நின்றது என் மகள் செய்த தவறு, அதற்காக நாங்கள் வெட்கப்படுகிறோம். மூன்றாவதில் வீட்டு நிலைமை. நான்காவதில் கருணை. கோர்ட்டின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

விசாரணைக்கு முன்னால் ஒரு வாய்தா இருந்தது. அந்தக் கோர்ட்டில் நடப்பதை யார் வேண்டுமானாலும் கணினியில் பார்க்கலாம். அங்கே பிற்பகல் மூன்று மணி, எங்களுக்கு மறுநாள் காலை ஆறு. நானும் கணவரும் கூடத்து மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீதிபதி ஓர் அம்மா. நரைத்த முடி, கயிறு கட்டின மூக்குக் கண்ணாடி. ஏதேதோ தேதிகளைப் பேசி முடித்துவிட்டு ஒரு தாளை எடுத்தார்.

மலேசியாவிலிருந்து தனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றார். 'நான் அவளுடைய தாய்' என்ற வரி வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திவிட்டாராம். தன்னிடம் தனியாக யாரும் எதையும் சொல்லக் கூடாது, சொன்னால் அது இரண்டு தரப்புக்கும் தெரிய வேண்டும். அதனால் இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

கணவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

எதிர்த்தரப்பில் நின்ற அரசாங்க வக்கீல் இளைஞர், மரியாதையானவர். அவர் எழுந்து, என் இரண்டாவது பத்தியை உரக்கப் படித்தார். என்னுடைய வாக்கியம், என்னுடைய கமா, ஒரு சமுத்திரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னொருவர் வாயில். பெற்ற தாயே தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், இதை ஜூரிக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்றார். மகள் குனிந்துகொண்டாள். அவள் தலை வகிடு மட்டும் தெரிந்தது.

நான் போட்ட கயிற்றை அவர்கள் எடுத்து அவள் கழுத்தில் மாட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

கோணல் கழுத்துப் பட்டை எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டது. "அந்தத் தாய் அன்றைக்குப் பூங்காவில் இருந்தாரா?"

இல்லை என்றார் இளைஞர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பார்க்காத ஒன்றுக்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அது சாட்சியம் ஆகாது என்றார். ஒரு தாய் பயந்துபோயிருக்கிறார், இந்தக் கடிதத்திலிருந்து தெரிவது அவ்வளவுதான், ஜூரி இதைப் பார்க்காது. பிறகு, மகளைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், இந்த அறையில் அவள் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவேண்டிய நிலையில் இல்லை. நிரூபிக்கவேண்டியது மாநிலத்தின் வேலை, அவள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சட்டம் அவளைக் குற்றமற்றவளாகத்தான் பார்க்கும் என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் எந்த மேசைக்குப் பின்னாலிருந்தும் நான் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை.

"நீ எழுதினதா?" என்றார் கணவர்.

"ஆமா."

அவர் எழுந்து போய் லாரியைக் கழுவினார். அது முந்தின நாள்தான் கழுவின லாரி.

மகள் அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள். "நான் சொல்லாத சாரிய நீ ஏன்மா சொல்ற?"

"பயத்துல எழுதிட்டேன்டி."

"எனக்குப் பயம் இல்லன்னு நெனச்சியா? கேஸ் முடியற வரைக்கும் யாருக்கும் எதுவும் எழுதாத. நான் ஒண்ணு அனுப்பறேன். அதப் படி. படிச்சிட்டுப் பேசு."

அவள் அனுப்பியது அந்த நாட்டு அரசியல் சாசனம். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு கடையில் அச்செடுக்கக் கொடுத்துவிட்டு, பெரிய கட்டாக வரும் என்று பை கொண்டுபோயிருந்தேன். பத்துப் பதினைந்து தாள்தான் வந்தது. பக்கத்திலிருந்த முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பிரித்தேன். அந்தக் கடைக்கார பாயை எனக்கு என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தெரியும். மகளின் வழக்கும் அவருக்குத் தெரியும். மலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"என்னா கிராணியம்மா, கோர்ட்டு பேப்பரா?"

"அமெரிக்கா நாட்டோட சட்டம் பாய். தாய்ச் சட்டம்."

"இவ்ளோதானா? ஸ்கூலு கூட்டத்து மினிட்ஸே இதவிட தடியா இருக்கும்லா."

தேத்தண்ணி ஆறும் வரை படித்தேன். பிறகு வீட்டில் படித்தேன், ஆபிஸில் மதிய வேளையில் படித்தேன். எப்படி உண்டானது என்பதையும் தேடிப் படித்தேன். பதின்மூன்று குடியேற்றங்கள் ஒரு ராஜாவை உதறிவிட்டு வந்திருக்கின்றன. முதலில் போட்டுக்கொண்ட உடன்படிக்கை தளர்வாக இருந்ததால் நாடு சிதறப் பார்த்தது. அதைச் செப்பனிட ஒரு கோடைகாலத்தில் பிலடெல்பியாவில் ஒரு கூடத்தில் கூடினார்கள். பேச்சு வெளியே போகக்கூடாது என்று வெயிலிலும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு நான்கு மாதம் விவாதித்தார்கள். செப்பனிட வந்தவர்கள் புதிதாகவே ஒன்றை எழுதி முடித்தார்கள்.

ராஜாவிடம் அடிபட்டவர்கள் எழுதினது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. சட்டம் செய்கிறவர்கள் ஒரு பக்கம், அதை நடத்துகிற அதிபர் ஒரு பக்கம், நீதிபதிகள் ஒரு பக்கம். சபை போட்ட சட்டத்தை அதிபர் திருப்பி அனுப்பலாம். சபையில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அவர் திருப்பினதை மீறலாம். படைக்கு அதிபர் தலைவர், ஆனால் போர் அறிவிப்பதும் பணம் ஒதுக்குவதும் சபை. உச்ச நீதிமன்றத்து நீதிபதியை அதிபர் நியமிக்கலாம், அதுவும் சபை சம்மதித்தால்தான். நியமித்த பிறகு தனக்குப் பிடிக்காத தீர்ப்புச் சொன்னார் என்று எடுக்க முடியாது. இதற்குக் கீழே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஒரு சாசனம். என் மகளின் நீதிபதியை அந்த ஊர்க்காரர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"கடைசியில யாருதான் பெரிய தொரை?" என்று கேட்டார் பாய், அடுத்த முறை போனபோது.

"அதான் பாய் தேடித் தேடிப் பாக்கறேன். இல்ல. ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப வேல எப்பிடி நடக்கும்? என் கடையில மாவு பெசையறதுக்கு ரெண்டு தம்பிங்க, அதுக்கே தெனம் சண்ட. மூணு தொரை இருந்தா ரொட்டி வேகுமாலா?"

"மெதுவாத்தான் வேகும் போல."

"வெந்தா சரி. பிள்ள நல்லபடியா வந்தா சரி."

எல்லாமே என்னை வாய்பிளக்க வைத்தது என்று சொல்லமாட்டேன். முதல் பிரிவிலேயே ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மாநிலத்தின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளை எப்படி எண்ணுவது என்று அதில் இருக்கிறது. அடிமை என்ற சொல் கிடையாது. 'மற்ற ஆட்கள்' என்று இருக்கிறது. ஐந்து பேருக்கு மூன்று பேர் என்று எண்ண வேண்டும். அதனால் சபையில் கிடைக்கும் பலமும் அந்த ஆளுக்கு இல்லை, அவனை வைத்திருந்தவனுக்கு. தாளைக் கவிழ்த்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஆளைப் பின்னமாக எழுதுகிற கை எனக்குத் தெரியும். அது கடல் தாண்டி வேறு மாதிரி இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

மகளிடம் இதைக் கேட்டேன். "அத அழிக்கலயாடி அவங்க?"

"அழிக்க மாட்டாங்கம்மா. பழச அப்பிடியே வச்சிட்டு, கீழ திருத்தம் எழுதுவாங்க. கடைசி வரைக்கும் படி. பதினாலாவது."

சாசனம் எழுதினதும் மாநிலங்களில் மக்கள் கேட்டார்களாம், அரசாங்கம் என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், எங்களை என்ன செய்யக்கூடாது என்று எங்கே இருக்கிறது? அதற்காக வந்தவை முதல் பத்துத் திருத்தங்கள். பேசலாம், அமைதியாகக் கூடலாம் என்பது முதலாவதில். ஜூரியும் வக்கீலும் ஆறாவதில். பதினாலாவது, அடிமைத்தனத்துக்காக அவர்களுக்குள் நடந்த பெரிய யுத்தத்துக்குப் பிறகு வந்தது. எந்த மாநிலமும் முறையான விசாரணை இல்லாமல் எந்த ஆளுடைய உயிரையும், சுதந்திரத்தையும், உடைமையையும் பறிக்கக் கூடாது என்கிறது. அந்த வரியில் குடிமகன் என்று இல்லை. 'எந்த ஆளும்' என்று இருக்கிறது. அந்த ஊரில் ஓட்டு இல்லாத, கடவுச்சீட்டு வேறு நிறத்தில் இருக்கிற, சனிக்கிழமை தட்டுக் கழுவுகிற என் மகளும் அதில் அடக்கம். ஐந்துக்கு மூன்று என்று எழுதின அதே காகிதத்தின் அடியில், நூறு வருடம்கூட ஆகாமல், முழு ஆள் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் எத்தனை உயிர் போயிற்று என்பது வேறு கதை. அந்த இடத்தை நான் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜெபப் புத்தகத்தைக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

ஆனால் படித்ததும் பயம் போய்விடவில்லை. காகிதம் நல்ல காகிதம்தான். அதைக் கையில் வைத்திருக்கப் போகிறவர்கள் யார்?

விசாரணையின் முதல் நாளில் ஜூரியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய குற்றமென்றால் பன்னிரண்டு பேர், இது சின்னது என்பதால் ஆறு. அன்று மாலை மகள் சொன்னாள். ஒருவர் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர். ஒருவர் ரொட்டிக் கடை. ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வங்கியில் ஒரு பெண், வீட்டோடு இருக்கும் ஒரு தாய், கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓர் இளைஞன். மலேசியா தெரியுமா என்று வக்கீல் கேட்டபோது, அது ஒரு தீவு என்று நினைத்திருந்ததாகத் தபால்காரர் சொன்னாராம்.

"சட்டம் படிச்சவங்க ஒருத்தருமே இல்லயா?"

"இல்ல மா. அதான் ஜூரி."

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்து, எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் லயத்திலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டு ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கையில் கொடுப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். யார் யார் என்று மனசுக்குள் ஆள்கூடத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பேரை வேண்டாம் என்று தள்ளினேன். பிறகு அந்த விளையாட்டே பயமாகிவிட்டது.

இரண்டாம் நாள் பிற்பகலை நாங்கள் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பார்த்தோம். கேமரா நீதிபதியையும், சாட்சி நாற்காலியையும், வக்கீல்களின் இரண்டு மேசைகளையும் காட்டியது. ஜூரியைக் காட்டக்கூடாது என்பது விதி. அவர்கள் திரைக்கு இடப்பக்கம், வெளியே, எங்கோ இருந்தார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிடும் சத்தம் வந்தது. யாரோ இருமினார்கள். என் மகளின் எதிர்காலம் அந்த இருமல் வந்த திசையில் இருந்தது, என்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

போலீஸ்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒலிபெருக்கியில் பேட்டரி தீர்ந்துவிட்டதால் வாயால் கத்தினதாகச் சொன்னார். அப்போது கூட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டார் எங்கள் வக்கீல். கை தட்டிக்கொண்டிருந்தது என்றார் போலீஸ்காரர். யாருக்காக? பெஞ்சு மேல் இருந்த பெண்ணுக்காக.

அரசாங்க வக்கீல் கடைசியாகப் பேசினதில் நியாயம் இருந்தது. பூங்கா எல்லோருக்கும் சொந்தம், ஐந்து மணி என்றால் ஐந்து மணி, விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் மற்றவருக்கும் தளர்த்த வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டேன். கணவர் முழங்கையால் இடித்தார். எங்கள் வக்கீல், காதில் விழாத உத்தரவை ஒருவர் மீற முடியுமா என்று கேட்டார், கூடிப் பேசும் உரிமையை இந்த ஊர் மணிக்கணக்கில் வாடகைக்கு விடவில்லை என்றார், உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. கழுத்துப் பட்டை அப்போதும் கோணலாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு ஜூரி தனி அறைக்குப் போனது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நீதிபதிகூட அந்த அறைக்குள் போகக் கூடாது. ஆறு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் தீர்ப்பு. விடுதலை என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஏன் என்று கேட்க அந்த நாட்டில் யாருக்கும் அதிகாரம் இல்லை. நீதிபதிக்கு இல்லை, அந்த மாநிலத்து ஆளுநருக்கு இல்லை, அதிபருக்கும் இல்லை. பேருந்து பழுது பார்க்கிறவர் சொன்னதை அதிபரால் மாற்ற முடியாது. படிக்கும்போது இது வெறும் வரியாக இருந்தது. இப்போது திரையில் தெரியாத அந்தச் சாத்தின கதவை நினைத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புல்லரித்தது. படையை வைத்திருக்கும் ஓர் அரசாங்கம், கோழி வளர்க்கும் ஒரு பையன் என்ன சொல்வானோ என்று வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது.

ஆறரை மணிக்கு எங்கள் தோட்டத்துப் பெரட்டு, வேலைக்கு ஆள் சேர்க்கும் நேரம். கீழே களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவது வீட்டுக்குக் கேட்டது. பதில் சொல்லும் குரல்களில் பாதிக்கு மேல் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகள். நான் ஆபிஸுக்குத் தாமதமாக வருவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். கணவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இருவருமே குடிக்கவில்லை.

"அந்தத் தபால்காரரு நல்லவரா இருப்பாரு," என்றார்.

"எப்பிடிச் சொல்றீங்க?"

"தெரியலன்னா தெரியலன்னு சொன்னாரே. தீவுன்னு நெனச்சேன்னு."

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. மகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஒரு கிழட்டுக் குரல், தபால்காரர்தான் என்று முடிவு செய்துகொண்டோம், திரைக்கு வெளியிலிருந்து படித்தது: குற்றவாளி இல்லை.

நான் கையை வாயில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அரசாங்க வக்கீல் எழுந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டாம். நீதிபதி எண் சொல்லிக் கேட்டார். ஒன்றாம் எண், இது உங்கள் தீர்ப்புதானா? ஆமாம். இரண்டாம் எண்? ஆமாம், ஒரு பெண் குரல். மூன்றாவது, ஜலதோஷம் பிடித்த குரல். நான்காவது ரொம்பச் சின்னக் குரல், கோழிப்பண்ணைப் பையனாக இருக்கலாம். ஐந்து. ஆறாவது குரல் வரக் கொஞ்சம் தாமதமானது. ஆமாம் என்றது.

முகம் தெரியாத ஆறு பேர். அவர்கள் என் மகளுக்கு உறவில்லை, ஊரில்லை, மதமில்லை. அவளை நேற்றுவரை பார்த்ததில்லை. நாளைக்கு மறந்துவிடுவார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சொன்ன அந்த ஆறு வார்த்தைகளும் என் காதில் அப்படியே நிற்கின்றன. நீதிபதி அவர்களுக்கு நன்றி சொல்லி, வீட்டுக்குப் போகலாம் என்றார். காலடிச் சத்தம் கேட்டது. அப்போதும் கேமரா திரும்பவில்லை.

கணவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டில் எல்லோரும் எழுந்தபோது இவரும் எழுந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை.

மகள் போன் செய்தபோது வெளியே, கார்கள் நிறுத்துமிடத்தில், நின்றுகொண்டிருந்தாள். வழக்கு நடந்த இத்தனை மாதமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். இப்போது அழுகையில் பேச்சு வரவில்லை.

"நன்றி சொல்லலாம்னு ஓடி வந்தேன், மா. எல்லாரும் போயிட்டாங்க. ஒரே ஒரு ஆன்ட்டி மட்டும் கார்ல ஏறிக்கிட்டு இருந்தாங்க."

"என்னா சொன்னாங்க?"

"ஸ்கூல்ல பிள்ளைய கூப்பிட லேட்டாயிருச்சாம். என் கையப் புடிச்சி அழுத்திட்டு, கார எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"வீட்டுக்கு வந்துடேன்டி. ஒரு மாசம் இருந்துட்டுப் போ."

"பரீட்சை இருக்கும்மா. சனிக்கிழம வேலையும் இருக்கு."

"திரும்ப எங்கயாவது கூட்டம்னா..."

நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இப்போதும் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறேன்.

"சரி. அறைக்குப் போய்க் கதவப் பூட்டிட்டு ஒரு படம் அனுப்பு," என்றேன்.

"பூட்டின கதவையா?"

"ஆமா."

இருபது நிமிடத்தில் அனுப்பினாள். பச்சைச் சாயம் பூசின ஒரு சாதாரண மரக் கதவு, தாழ்ப்பாள் போட்டிருந்தது. கணவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கியா பார்முக்குக் கிளம்பினார். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆபிஸுக்குப் போகும்போது எட்டரை ஆகிவிட்டது.